பெட்டிக்குள் நட்சத்திர ஆமை

அத்தியாயம் ஐந்து

ஆமைக்கு எந்த அவசரமும் கிடையாது. அருள்ராஜுக்குத்தான் இருந்தது.

வனச்சரக அலுவலகத்தின் பின்னறையில் ஒரு நீலநிற பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் உள்ளங்கை அளவில் நட்சத்திர ஆமைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும், சரிந்து விழுவதும், வெட்கமே இல்லாமல் மறுபடி ஏறுவதுமாக இருந்தன. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நாலாபுறமும் பிரிந்து, யாரோ உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி இருந்தது. அந்த அழகுதான் அதுகளுக்கு எமன். எதிர்ச்சுவர் ஓரம் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த அருள்ராஜுக்கும் அதுவே எமனாகியிருந்தது.

நேற்று சாயங்காலம் வரைக்கும் அவன் திருவெறும்பூரில் ஒப்பந்த வெல்டர். மலேசியாவின் ஜொகூரில் வேலை கிடைத்து, திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றவன். ஸ்கேனரில் அவன் பெட்டி போனதும் எல்லாம் முடிந்தது. மேலே முறுக்கு, கீழே காலுறைகளுக்குள் சுற்றி அடைத்த ஆமைகள். சுங்கத்துறை பிடித்து வனத்துறையிடம் கொடுத்துவிட்டது. இன்று மதியத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

"நாந்தாங்க மேடம் போகச் சொன்னேன்," என்றாள் அவன் மனைவி பேட்ரிசியா. விடிந்ததிலிருந்து அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "இங்கயே இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். பாவி நாந்தான் புடிச்சுத் தள்ளினேன். அந்தப் பெட்டி விசா வாங்கிக் குடுத்த ரெங்கராஜ் சார் குடுத்ததுங்க. பொண்ணு கோலாலம்பூர்ல இருக்கு, பலகாரம் குடுத்துடுன்னு அவர் வீட்டு வாசல்ல வச்சு டாக்சில ஏத்தினாராம். சத்தியமா இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவள் பேசிக்கொண்டிருந்தது கமருன்னிசாவிடம். பாலக்கரையில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் சுங்கத்துறையில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். பக்கத்தில் நின்றிருந்தவன் அவருடைய உதவியாளன் தமிழ்மணி. வயது முப்பத்தெட்டு, வாய்க்கு வயது பன்னிரண்டு.

"மேடம், இதுங்க பாஸ்போர்ட் எடுத்துச்சான்னு கேட்டீங்களா?" என்று தொட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"வாயை மூடு தமிழு."

வனச்சரகர் வைஷ்ணவி மேஜையில் சாய்ந்து நின்றிருந்தாள். நல்ல அதிகாரி. கெட்டது செய்ய மனசு வராது. அதற்காகச் சட்டத்தை வளைக்கவும் மாட்டாள்.

"எனக்கும் இவர் முகத்தைப் பார்த்தா தோணல மேடம். ஆனா பெட்டி இவர் கையில, டேக்ல இவர் பேரு. எங்க சட்டம் உங்களுக்கே தெரியும். மத்த கேஸ்ல போலீஸ் நிரூபிக்கணும். இங்க உயிருள்ள சரக்கு யார் கையில இருக்கோ, தப்பு அவர் மேலதான்னு கோர்ட் எடுத்துக்கும். இல்லேன்னு காட்ட வேண்டியது மாட்டினவர் பொறுப்பு."

"எவ்வளவு வருஷம்?" என்றாள் பேட்ரிசியா.

வைஷ்ணவி ஆமைத் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கமருன்னிசாதான் சொன்னார். "நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில இருக்கும்மா. புலி, யானை இருக்கிற அட்டவணை. மூணு வருஷத்துக்குக் குறையாது. ஏழு வரைக்கும் போகலாம்."

பேட்ரிசியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவன் தலையைத் தூக்கவே இல்லை.

"ரெங்கராஜ் வீட்டைச் சோதனை போடலாமே?" என்றான் தமிழ்மணி.

"போடலாம். நியாயமான காரணம்னு ஒண்ணு வேணும்ல? இவர் சொல்றார்ங்கிறது மட்டும் பத்தாது. மாட்டின எல்லாருமே இன்னொருத்தர் பேரைத்தான் சொல்றாங்க. அந்த ஆளையும் இந்த ஆமையையும் சேர்க்கிற மாதிரி ஒரே ஒரு விஷயம் குடுங்க, நானே வந்து கதவைத் தட்டறேன். கோர்ட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள குடுங்க."

தமிழ்மணி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஐயோ, இது ஒண்ணு அடிபட்டிருக்கு மேடம். ரத்தம்."

ஓரமாகக் கிடந்த ஓர் ஆமையின் முதுகில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. சுற்றிலும் மஞ்சள் கறை வேறு.

"டாக்டர் பார்த்துட்டார், காயம் இல்லை," என்றாள் வைஷ்ணவி. "ஏதோ சாயம். கடத்தறவங்க இப்படி அடையாளம் வைக்கிறதுண்டு."

"ஒண்ணுக்கு மட்டுமா வைப்பாங்க?" என்றார் கமருன்னிசா. அவர் குனிந்து, கைப்பேசியில் அந்த ஆமையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

*

ரெங்கராஜின் டிராவல்ஸ் அலுவலகம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் போகும் வழியில், செருப்பு ஸ்டாண்டுக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே இருந்தது. மனுஷன் எழுந்து நின்று கைகூப்பி வரவேற்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, பல் தெரியாத சிரிப்பு. இப்படிப்பட்டவரைச் சந்தேகப்படுவதற்கே நமக்கு ஒரு தைரியம் வேண்டும்.

"வாங்கம்மா, உட்காருங்க. தம்பி, நீங்களும். காபி சொல்லட்டுமா? அருள்ராஜ் விஷயம் கேள்விப்பட்டேன். நல்ல புள்ளைன்னு நம்பி விசா வாங்கிக் குடுத்தேன். என் பேரையே இழுத்து விட்டுட்டான் பாருங்க."

"பெட்டி நீங்க குடுத்தீங்கங்கறான்," என்றார் கமருன்னிசா.

"அவன் வந்தது வாஸ்தவம். ஆசீர்வாதம் வாங்கிக்கிறேன்னு டாக்சியை நிறுத்தினான். கீழ இறங்கிப் போய் நல்லா இருடான்னு சொல்லிட்டு வந்தேன், அவ்வளவுதான். நேத்து எங்க வீட்ல ஹோமம்மா. விடியற்காலைலருந்து அக்னி முன்னாடி உட்கார்ந்திருக்கேன். அன்னிக்கு இந்த வேலையெல்லாம் யாராவது பார்ப்பாங்களா?"

"என்ன ஹோமம்?"

ஒரே ஒரு நொடி. பிறகு சிரித்தார். "பேரனுக்கு ஆயுஷ்ஹோமம். அவன் மலேசியாவுல இருக்கான். அவன் பேர்ல இங்க பண்ணினோம்." கைப்பேசியில் படம் காட்டினார். புகைக்கு நடுவே அவரும் மனைவியும். வாத்தியார் மாவிலையால் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். "வேணும்னா வாத்தியாரையே கேட்டுக்குங்க."

"ஆமை வளர்க்கிற பழக்கம் உண்டா சார்?" என்றான் தமிழ்மணி.

"பெருமாளே! நான் ஆமையை டிவிலதான் தம்பி பார்த்திருக்கேன். அதை வீட்டுப்பக்கம் யாராவது சேர்ப்பாங்களா?" என்றவர், காபி வருவதற்குள் குரலைத் தழைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேம்மா. அங்க பல ஊர்ல இதைக் கண்ணாடித் தொட்டியில வச்சு வளர்க்கிறானாம். நம்ம காட்டுல சீந்துவாரில்லாம கெடக்குது. ஒரு எளியவன் கொண்டு போனா என்ன கொள்ளை போச்சு?"

"கொள்ளைதான் போகுது," என்றார் கமருன்னிசா. "பெட்டிக்குள்ள பாதி மூச்சு முட்டியே செத்துடும். இதுக்காகத்தான் நூத்தி எண்பது நாட்டுக்கு மேல ஒண்ணா உட்கார்ந்து சைட்டிஸ்னு ஒப்பந்தமே போட்டிருக்காங்க. இந்த ஆமை அதுல முதல் பட்டியல். எல்லை தாண்டி வியாபாரம் பண்ண எந்த நாடும் அனுமதி குடுக்க முடியாது. மலேசியாவும் கையெழுத்துப் போட்ட நாடுதான். அங்க போய் இறங்கியிருந்தா அருள்ராஜ் அந்த ஊரு ஜெயில்ல இருந்திருப்பான்."

ரெங்கராஜ் உச்சுக்கொட்டினார். "பாவம்," என்றார்.

வெளியே வந்ததும் தமிழ்மணி ஸ்கூட்டரை உதைத்தான். "மேடம், அந்த ஆளு சொன்ன 'பாவம்' இருக்கே, அதுக்கே ஒரு கேஸ் போடலாம். அடுத்து எங்க?"

"ஆசாமி இங்க காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவர் வீட்டைப் பார்த்துடுவோம். ஹோமம்னு சொல்றதுக்கு யோசிக்கல. என்ன ஹோமம்னு கேட்டா எதுக்கு யோசிக்கணும்?"

*

அடையவளஞ்சான் வீதியில் அந்த அடுக்ககத்துக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டு மாடி. கமருன்னிசாவுக்கு முட்டி வலி. ஒவ்வொரு படிக்கும் ஒரு "யா அல்லாஹ்" சொல்லிக்கொண்டு ஏறினார். கதவு நிலையில் பச்சை வாசம் போகாத மாவிலைத் தோரணம். நிலைக்காலில் புதிதாக மஞ்சள் பூசி, மேலே மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

தமிழ்மணி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயில் வந்த ஜோக்கு வாயிலேயே நின்றுவிட்டது.

கதவைத் திறந்தவர் ரெங்கராஜின் மனைவி ஜோதி. ஐம்பது வயதிருக்கும். கண்ணிமைகள் வீங்கி, முகம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த மாதிரி இருந்தது. கமருன்னிசா தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னார்; ரெங்கராஜ் அனுப்பிய ஒரு பையன் ஆபத்தில் மாட்டியிருக்கிறான், அதுபற்றிப் பேச வேண்டும் என்றார். ஜோதி பாதியைத்தான் காதில் வாங்கினார்.

"அவர் கடையில இருக்காருங்க," என்றார்.

"சாரைப் பார்த்துட்டுத்தாம்மா வரோம்," என்றான் தமிழ்மணி. "நேத்து பேரனுக்கு ஆயுஷ்ஹோமமாமே. நல்லபடியா நடந்துச்சுங்களா?"

ஜோதி அவனை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"பேரனுக்குங்க. சார்தான் சொன்னார்."

அந்த அம்மாளுடைய கை கதவைப் பற்றிக்கொண்டது. "எங்களுக்கு ஏதுங்க பேரன்? என் பொண்ணு அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. போன வாரந்தான் கலைஞ்சு போச்சு." வார்த்தை முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. "அவரா அப்படிச் சொன்னார்?"

தமிழ்மணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கமருன்னிசா ஜோதியின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் சோபாவில் உட்கார வைத்தார். வீடு அவருடையது, உபசாரம் இவருடையது. அப்படியும் ஒரு நேரம் வரத்தான் செய்கிறது.

"அப்ப நேத்து ஹோமம் எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்லக் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"வீட்டுக்குள்ள ஆமை வந்துடுச்சுங்க."

தொட்டியில் சரிந்து சரிந்து ஏறிய அந்த ஆமைகள் தமிழ்மணியின் கண்ணுக்குள் வந்தன.

"விளக்கேத்தப் போறேன், பெருமாள் படத்துக்குக் கீழ ஊருது. ஐயோன்னு கத்தினேன். அவர் ஓடி வந்தார். கொள்ளிடத்துலருந்து வந்திருக்கும், பயப்படாதேன்னார். மறுநாளே பொண்ணுகிட்டேருந்து போன். அது வந்ததும் இது போயிடுச்சு பாருங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்னே தெரியல. ஒருவேளைக்கு மேல சாப்பாடு எறங்கல. வாத்தியார் தோஷம் கழிய புண்ணியாகவாசனம் பண்ணிடலாம்னு நேத்து நாள் குறிச்சுக் குடுத்தார். அதுவரைக்கும் கூடையில பால்கனியில வச்சு, பயந்துக்கிட்டே கீரை போட்டேன்."

"நேத்து என்ன பண்ணினீங்க?"

"ஹோமம் முடிஞ்சதும் அதுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, இந்த வீட்டை மன்னிச்சுடு தாயேன்னு விழுந்து கும்பிட்டேன். அவர்தான் கூடையைத் தூக்கிட்டுக் கீழ போனார். கொள்ளிடத்துல விட்டுட்டேன்னு வந்து சொன்னார்."

"அம்மா," என்றான் தமிழ்மணி. வழக்கமான கேலி எதுவும் அவன் குரலில் இல்லை. "கொள்ளிடத்துல வெள்ளமே வந்தாலும் தெருவோட போயிடும். ரெண்டு மாடி படிக்கட்டு ஏறி, சாத்தின கதவைத் தாண்டி எப்படிம்மா வந்துச்சு?"

ஜோதி வாசல் பக்கம் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். ஒரு வாரமாக அழுத கண்ணுக்கு இது தோன்றவே இல்லை. பயந்துபோனவர்கள் எப்படி வந்தது என்று கேட்பதில்லை, ஏன் வந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

கமருன்னிசாவின் கைப்பேசி ஒலித்தது. வைஷ்ணவி.

"ஜீப் ரெடி மேடம். இனி நிறுத்த முடியாது. ஏதாவது இருக்கா?"

கமருன்னிசா ஜோதியைப் பார்த்தார். கையிலிருக்கும் ஒரு படத்தைக் காட்டினால் அங்கே ஒரு குடும்பம் பிழைக்கும், இங்கே ஒரு குடும்பம் உடையும். காட்டாமல் எழுந்து போனால் யாரும் கேட்கப் போவதில்லை. சுங்கத்துறையில் எத்தனையோ பெட்டிகளைத் திறந்தவருக்கு இதைத் திறக்கத்தான் கை வரவில்லை.

"ஒரு நிமிஷம் லைன்ல இரும்மா," என்றார். பிறகு படத்தை எடுத்து ஜோதியின் முன்னால் நீட்டினார்.

ஜோதி பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இதுதான். இதேதான். இந்தப் பக்கம் குங்குமம் வழிஞ்சிருக்கு பாருங்க, கை நடுங்கிடுச்சு எனக்கு. ஆத்துல விட்டது உங்க போன்ல எப்படி?"

"ஆத்துல விடலைம்மா. அருள்ராஜ் கையில குடுத்த பெட்டியில இருந்துச்சு. இன்னும் நிறைய ஆமைங்களோட. ஏர்போர்ட்ல புடிச்சாங்க."

ஒன்று கூட விட்டுப்போகக் கூடாது என்று நினைத்த புண்ணியவான், மனைவி விழுந்து கும்பிட்ட ஆமையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். துடைக்கவாவது தோன்றியதா? பொட்டு வைத்ததைத் துடைக்க அவருக்கும் உள்ளூர பயம். பேராசையும் பயமும் ஒரே மனுஷனுக்குள் ஒண்டுக்குடித்தனம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

"அந்த ஆபீஸ் ரூம்," என்றார் ஜோதி. எழுந்து நின்று கூடத்தின் ஓரத்துக் கதவைக் காட்டினார். "பத்து நாளா பூட்டியே கிடக்கு. ராத்திரியெல்லாம் உள்ள ஏதோ சொரண்டும். எலின்னார். கீரைன்னாலே மூஞ்சைச் சுளிக்கிறவர் கட்டுக் கட்டா வாங்கிட்டுப் போனார்." கதவை நோக்கி நடந்தார்.

"தொடாதீங்கம்மா. அதை வைஷ்ணவி வந்து திறக்கட்டும்." கமருன்னிசா கைப்பேசியைக் காதில் வைத்தார். "கேட்டுச்சா? நியாயமான காரணம் கிடைச்சிடுச்சு. ஜீப்பை அப்படியே காவிரிப் பாலம் ஏத்து."

*

ஆனால் ஜீப்புக்கு முன்னால் ரெங்கராஜ் வந்துவிட்டார். காபி ஆறுவதற்குள் அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க வாசலில் நின்றவருக்கு, மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது.

"ஜோதி, நீ உள்ள போ."

ஜோதி அசையவில்லை.

"உள்ள போன்னு சொல்றேன்ல! ஏம்மா, நீங்க யாரு என் வீட்டுக்குள்ள வர்றதுக்கு?" சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "சரி, இவ என்ன சொன்னா? என்ன சொல்லியிருந்தாலும் சரி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசிக்கிட்டது எதுவும் கோர்ட்ல செல்லாது. எங்க வக்கீலைக் கேட்டுட்டேன்."

இவ்வளவு தூரம் வந்து இப்படியா? தமிழ்மணி கமருன்னிசாவைப் பார்த்தான்.

"வாஸ்தவம்," என்றார் கமருன்னிசா. "செல்லாது."

ரெங்கராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பேசினதுதான் செல்லாது. கண்ணால பார்த்தது செல்லும் ரெங்கராஜ் சார். ஆமை இங்க இருந்தது, கூடையை நீங்க தூக்கிட்டுப் போனது, குங்குமம் வச்ச கை இவங்க கை. இதெல்லாம் பேச்சு இல்லை. அதுசரி, தப்பே பண்ணாதவர் எதுக்கு வக்கீல்கிட்ட இதைப் போய்க் கேட்டீங்க?"

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். தமிழ்மணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான். ஜீப்பின் பின்சீட்டில் இரண்டு காவலர்களுக்கு நடுவே அருள்ராஜ். பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்த ஆட்டோவிலிருந்து பேட்ரிசியா இறங்கி, ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர்களுடைய ஏழு வருஷம் இப்போது ஜோதியின் வாயில் இருந்தது.

"அம்மா," என்றார் கமருன்னிசா, "ஒண்ணு சொல்லிடறேன். ஒரு வாரம் உங்க கையால கீரை போட்டிருக்கீங்க. சட்டம் உங்களையும் கேள்வி கேக்கும். தெரியாதுன்னு நீங்கதான் காட்டணும். நான் கூட நிப்பேன், ஆனா கஷ்டம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"கேட்டியா? உன்னையும் சேர்த்து உள்ள தள்ளுவாங்க!" ரெங்கராஜ் மனைவியின் கையைப் பிடித்தார். குரல் குழைந்தது. "ஜோதி, நம்ம பொண்ணை நினைச்சுப் பாரு. அவ இருக்கிற நிலைமையில இது வேறயா?"

அதை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

ஜோதி கையை உருவிக்கொண்டார். "அவ போன்ல கதறினப்ப, எல்லாம் நான் செஞ்ச பாவம்டின்னு சொன்னேன். பச்சைத் தண்ணி பல்லுல படாம இந்தக் கூடத்துல உருண்டேன். நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? அது நான் கொண்டு வந்ததுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு அந்தப் பாரமாவது எறங்கியிருக்குமே. பார்த்துக்கிட்டே இருந்தீங்களே!"

ரெங்கராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வைஷ்ணவி ஒரு காவலரோடு படியேறி வந்து வாசலில் நின்றாள். பூட்டிய அறையைப் பார்த்தாள், ரெங்கராஜைப் பார்த்தாள். "சாவி குடுங்க சார்," என்றாள். பிறகு ஜோதியிடம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டாள்.

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"இத்தனை வருஷம் இவர் எங்கிட்ட பேசினதுல எது நிஜம்னே எனக்குத் தெரியலைங்க. அதனால பேசினதை விட்டுடறேன். பார்த்ததை மட்டும் சொல்றேன், எழுதிக்குங்க."